பஜாஜ் சேத்தக்கில் மாற்று எஞ்சின்: போட்டு, சரிசெய்து, ஓட்டிவரும் அனுபவம்

பழைய சேத்தக்கிற்கு வேறு எஞ்சின் தேடுபவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் அதன் கேஸை, அதாவது உள்பாகங்களைத் தாங்கும் வெளிக்கூட்டைப் பாருங்கள். பிஸ்டன், அதன் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க், பேரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. தேய்ந்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ரீபோர் செய்துகொள்ளலாம். இரண்டு பாதியாக வரும் அந்த அலுமினிய கேஸ் கெட்டுப்போனால்தான் எஞ்சின் போய்விட்டது என்று அர்த்தம். என் வண்டியில் அதுதான் நடந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் பேரிங் உடைந்தது. வயதான எஞ்சின், அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புது கிராங்க் போட்டு, சிலிண்டரும் போர் செய்து மாட்டியாயிற்று. ஆனால் வண்டி பழையபடி வரவில்லை. காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் சோர்ந்துவிடும். ஐடிலிங் நிற்காது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே பெட்ரோல் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். கார்புரேட்டரை மாற்றிப் பார்த்தோம், ஜெட்டை மாற்றிப் பார்த்தோம், ஒன்றும் பயனில்லை.

காரணம் கேஸுக்குள் இருந்தது. 1972-ல் வந்த சேத்தக், இத்தாலியின் வெஸ்பா ஸ்பிரிண்ட் வழியில் வந்த வண்டி. 57 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 57 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 145.45 சிசி. இதில் பெட்ரோல் கலவை உள்ளே நுழையும் வாசலைத் திறந்து மூடுவது கிராங்க்தான். அதன் வட்டமான பக்கம், கேஸில் செதுக்கிய ஒரு வழவழப்பான மேடையை ஒட்டியே சுற்றும். தொடாது, ஆனால் இடைவெளி மிகக் குறைவு. அந்த மேடைதான் வால்வு. உடைந்த பேரிங்கின் தூள் அதில் புகுந்து, குறுக்கே ஆழமான கோடுகளைப் போட்டுவிட்டது. பிஸ்டன் கீழே இறங்கி கலவையை அழுத்தும்போது, அது அந்தக் கோடுகள் வழியாகக் கார்புரேட்டருக்கே திரும்பிவிடுகிறது. கிக்கர் வேகத்தில் இந்தக் கசிவு மிகப் பெரிது, வேகமாகச் சுற்றும்போது அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் ஒருமுறை கிளம்பிவிட்டால் வண்டி ஓரளவு நன்றாகவே ஓடியது. இந்த அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் கார்புரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டே எத்தனையோ சேத்தக்குகளைக் கழித்துக் கட்டியிருப்பார்கள்.

வேறு எஞ்சின் தேடி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டைக்குப் போகும் முன் என் மெக்கானிக்கிடம், "ஓட்டிக் காட்டச் சொல்லணுமா அண்ணே?" என்று கேட்டேன். "ஓடுறதைப் பாத்து ஏமாறாத தம்பி. கார்புரேட்டரைக் கழட்டி அந்த ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு. மேடை கண்ணாடி மாதிரி இருந்தா எடு, கோடு இருந்தா வெச்சிட்டு வா" என்றார். இதைவிடப் பயனுள்ள யோசனையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பினால் அந்த வாசல் திறந்து மூடுவது தெரியும். விரல் நுனியால் தடவியும் பார்க்கலாம். நகம் எங்கேயாவது தட்டினால் அந்த எஞ்சின் வேண்டாம். இதோடு ஷாக் அப்சார்பர் மாட்டும் காதில் விரிசல் இருக்கிறதா, டிரெயின் போல்ட்டின் மரை அழிந்திருக்கிறதா, எஞ்சின் நம்பரை ராவி வேறு நம்பர் அடித்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். நம்பர் இருப்பது கேஸின் மேல், ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில். பிளக்கில் நெருப்பு வரவைக்க உங்கள் வண்டியில் பிளாட்டினம் பாயிண்ட் இருந்தால் பாயிண்ட் எஞ்சினையும், எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால் அதே வகையையும் எடுங்கள். மாற்றி எடுத்தால் வயரிங்கிலும் காயில் பிளேட்டிலும் வேலை இரட்டிப்பாகும்.

நல்ல கேஸ் கிடைத்தபின் கடையில் ஓட்டிப் பார்க்காமலே கொண்டுவந்து முழுதாகப் பிரித்தோம். பேரிங்குகள், ஆயில் சீல்கள், கேஸ்கெட்டுகள் எல்லாம் புதிது. இந்தச் செலவைத் தள்ளிப்போட நினைக்க வேண்டாம். எஞ்சின் வெளியே இருக்கும்போது சீல் மாற்றுவது ஒரு சின்ன வேலை. உள்ளே போனபின் கிராங்கின் கிளட்ச் பக்க சீலைத் தொட மறுபடி எல்லாவற்றையும் இறக்க வேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும் உண்மையில் எளிது. இந்த வண்டியில் எஞ்சினே பின்சக்கரத்தைத் தாங்கும் கை. ஒரு நீண்ட போல்ட், கீழே ஒரு ஷாக் அப்சார்பர் போல்ட், அவ்வளவுதான் பாடியோடு பிணைப்பு. பெட்ரோல் பைப், ஆக்ஸிலரேட்டர், சோக், கிளட்ச், பிரேக், இரண்டு கியர் கேபிள், வயர்கள், சைலன்சர் ஆகியவற்றை எடுத்துவிட்டால், பாடியைத் தூக்கி எஞ்சினைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு போகலாம். சண்டை பிடிப்பது அந்த நீண்ட போல்ட் மட்டுமே. வருஷக்கணக்கில் துருப்பிடித்து உள் குழாயோடு ஒட்டியிருக்கும். முந்தின இரவே டீசல் ஊற்றி ஊறவைத்து, நட்டை முனைவரை திருப்பி வைத்து அதன்மேல் தட்டினால் மரை கெடாது. வெளியே வந்ததும் ரப்பர் புஷ்களையும் மாற்றிவிடுங்கள். என் வண்டியில் வளைவுகளில் பின்பக்கம் ஆடியதற்கு டயரைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன், புது புஷ் போட்டதும் அது நின்றது.

கியர் கேபிளுக்கு ஒரு வரி. கைப்பிடியும் நியூட்ரலில், கீழே செலக்டரும் நியூட்ரலில் இருக்கும்போது இரண்டு கேபிளும் தொய்வும் இல்லாமல் இழுப்பும் இல்லாமல் இருக்க வேண்டும். இப்படி வைத்தும் இரண்டாவது கியர் தானாக நழுவினால், கோளாறு கேபிளில் இல்லை. கியர்பாக்ஸுக்குள் கியர்களைப் பிடிக்கும் சிலுவை வடிவத் துண்டான செலக்டர் கிராஸின் முனைகள் தேய்ந்திருக்கின்றன.

மாட்டி முடித்ததும் கிளம்பவில்லை. பிளக்கில் நல்ல நெருப்பு, பெட்ரோல் வருகிறது, ஆனாலும் சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி, கிக்கர் காலை எதிர்த்து உதைக்கிறது. நெருப்பும் பெட்ரோலும் இருந்து வண்டி எதிர்த்து உதைத்தால் டைமிங்கைப் பாருங்கள். நெருப்புக்கு மின்சாரம் தரும் சக்கரமான மேக்னெட்டைப் புல்லர் போட்டு இழுத்துக் கழற்றினால், உள்ளே இருந்த அரைவட்டச் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு குறுக்கே பாதி அறுந்து படியாக நின்றது. அதனால் மேக்னெட் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, நெருப்பு வேறு நேரத்தில் விழுகிறது. சாவி மிகச் சின்னது, விலையும் அதற்கேற்ப. அதை மட்டும் மாற்றினால் போதாது. கிராங்க் முனையின் கூம்பையும் மேக்னெட்டின் உட்பக்கத்தையும் பெட்ரோலில் துடைத்து, துளி எண்ணெய்கூட இல்லாமல் மாட்டி நட்டை நன்றாக இறுக்க வேண்டும். மேக்னெட்டைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்பின் இறுக்கம்தான், சாவி இடத்தைக் காட்ட மட்டுமே இருக்கிறது.

அடுத்த தொல்லை கொஞ்ச நாள் கழித்து வந்தது. சூடு ஏறியதும் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் இறங்காமல் கத்தும். சோக்கை இழுத்தால் அடங்கும். எங்கிருந்தோ காற்று கூடுதலாகப் போகிறது என்பதற்கு இது அடையாளம். சேத்தக் டூ-ஸ்ட்ரோக் வண்டி, அதில் இதை ஒருநாளும் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே வருகிறது. கலவை மெலிந்தால் சூடு கூடும், எண்ணெயும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று மேக்னெட் பக்க ஆயில் சீல். மேக்னெட்டை எடுத்தால் காயில் பிளேட்டின் பின்பக்கம் ஈரமாக, கரும்பிசுக்கோடு இருந்தால் சீல் போயிற்று. என் வண்டியில் அது காய்ந்துதான் இருந்தது. மற்றொன்று கார்புரேட்டரின் அடிப்பாகம். இரண்டு போல்ட்டையும் ஆண்டுக்கணக்கில் இறுக்கி இறுக்கி அது வளைந்துவிடும், கேஸ்கெட்டால் அந்த இடைவெளியை அடைக்க முடியாது. ஒரு தடித்த கண்ணாடித் துண்டின்மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, சில சொட்டுப் பெட்ரோல் விட்டு, கார்புரேட்டரின் அடியை அதன்மேல் வட்டமாகத் தேய்த்தோம். முதலில் இரண்டு ஓரங்கள் மட்டும் பளபளத்தன, நடுவில் பழைய சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. வளைவு கண்ணுக்கே தெரிந்தது. பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்க அந்தச் சாம்பல் திட்டு சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் காணாமல் போயிற்று. புது கேஸ்கெட் வைத்து அளவாக இறுக்கியதிலிருந்து ஐடிலிங் ஒரே சீராக இருக்கிறது.

கிளட்ச் பக்க சீல் போனால் அடையாளம் வேறு. கியர்பாக்ஸ் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொள்ளும், பின்னால் வருபவருக்குச் சாலையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை வரும். ஆயிலை இறக்கி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் அடித்தால் சந்தேகமே வேண்டாம். கியர்பாக்ஸுக்கு எஸ்.ஏ.இ. 30 ஆயில், 250 மில்லி போதும்.

புது பிஸ்டன் என்பதால் ஆரம்பத்தில் பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலை வழக்கமான 2 சதவீதத்தைவிடக் கொஞ்சம் கூட்டி ஊற்றினேன். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் விரட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுவது நல்லது. எஞ்சினைச் சுற்றி இருக்கும் காற்று மூடியைப் பழைய எஞ்சின்களில் பலரும் தொலைத்திருப்பார்கள். அது இல்லாமல் ஓட்டாதீர்கள். மேக்னெட் விசிறியின் காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோவதே அதுதான்.

காகித வேலையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எஞ்சின் நம்பர் கேஸில் இருப்பதால், கேஸ் மாறினால் நம்பரும் மாறும், ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-ஆம் பிரிவில் இது வருகிறது. அனுமதி வாங்காமல் மாற்றியிருந்தாலும் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முன்பே கேட்டுக்கொண்டு செய்வதே நிம்மதி. எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாளையும் ரசீதையும் தராத கடையில், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்பரை ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். இன்சூரன்ஸிலும் புது நம்பரை ஏற்றிவிடுங்கள்.

சில ஆண்டுகள் ஓடிவிட்டன. நகரத்துக்குள் தினசரி வேலைக்கு இந்த வண்டியைத்தான் எடுக்கிறேன். முதல் அல்லது இரண்டாம் உதையில் கிளம்புகிறது, இரண்டு பேரோடு மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரே போதும். இத்தனை செலவுக்கு நல்ல பழைய ஆக்டிவா ஒன்றை வாங்கியிருக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். கணக்குப்படி அது சரிதான். ஆனால் ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு புல்லரும் இருந்தால் வீட்டு வாசலிலேயே முழுதாகப் பிரித்துப் பார்க்க முடிகிற வண்டி இது. எனக்கு அது பெரிய விஷயம்.

இப்போது கவனிக்க வேண்டியது பெட்ரோல். பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், கலவையையும் கொஞ்சம் மெலியச் செய்யும். என் வண்டியின் பெட்ரோல் பைப் கைக்கு மெத்தென்று ஆகிவிட்டதால் மாற்றினேன். கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கியதும் பிளக் வெள்ளை நிறத்திலிருந்து பிஸ்கட் நிறத்துக்கு வந்தது, கலவை சரியானதற்கு அது அடையாளம். வண்டியை ஓட்டாமல் நிறுத்திவைப்பதென்றால் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிட்டு அணைக்கிறேன். அடுத்த முறை எஞ்சினை இறக்கும்போது சீல்கள் எத்தனாலைத் தாங்கும் வைட்டன் ரப்பரில்தான் இருக்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.