டர்பனில் ஒரு சனிக்கிழமை வகுப்பு: 450 ரேண்ட் கொடுக்கலாம்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு சமூகக்கூடத்தில், பத்திரிகைப் படங்களின் அறம் பற்றிய இந்த வகுப்பை ஓய்வு பெற்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் நடத்துகிறார். கட்டணம் 450 ரேண்ட், மதியம் பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு) உட்பட. கேமராவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எதை எடுக்கலாம், எதை வெளியிடலாம், அவ்வளவுதான். எல்லாம் அச்சிட்ட படங்கள் என்பதால் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது.

1993இல் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் சூடானில் எடுத்த, பிணந்தின்னிக் கழுகும் குழந்தையும் உள்ள படம் வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் 'படம் எடுத்தவர் குழந்தையை ஏன் தூக்கவில்லை' என்ற பழைய சண்டைக்குள் வகுப்பு நடத்துகிறவர் போகவில்லை. பத்திரிகையில் சிறுமி என்று போட்டார்கள். பல வருடம் கழித்து, அது பையன் என்று தகப்பனார் சொன்னார். எடுத்தவரைத் திட்டியவர்களில் யார் அந்தப் படக்குறிப்பைச் சந்தேகப்பட்டார்கள் என்று கேட்டார். எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

வகுப்பின் உயிர் மதியப் பயிற்சி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்களே, அப்போது அவர் எடுத்த படங்களைப் பரப்பிவைத்து, முதல் பக்கத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். போர்வை மூடிய உடலின் படம் ஒன்றை நாங்கள் எடுத்துக் கொடுத்தோம். முகம் தெரியவில்லையே! அவர் போர்வைக்கு வெளியே நீண்டிருந்த செருப்பைத் தொட்டுக் காட்டினார். வீட்டுக்குத் தகவல் போகும் முன்பே பேப்பர் போய்விடும். செருப்பு போதும், பெற்றவள் கண்டுபிடித்துவிடுவாள் என்றார்.

குறை ஒன்று உண்டு. 'முதலில் எடு, வெளியிடுவதை அப்புறம் யோசி' என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் காட்டும் உதாரணம் புகைப்படக்காரர் சாம் நிசிமா: 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில், போலீஸ் சுட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் படத்தை எடுத்து, சுருளைக் காலுறைக்குள் ஒளித்தவர். அவர் தயங்கியிருந்தால் அந்தப் படமே இல்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று சுருளைக் கழுவ வேண்டும், பத்திரிகை ஆசிரியர் பார்க்க வேண்டும். இன்று காவடியில் அருள் வந்து ஆடுகிறவரின் படம், அலகு நாக்கில் இருக்கும்போதே வாட்ஸப்பில் சுற்றுகிறது. அதைக் கேட்டதற்கு, குருக்களிடம் அனுமதி வாங்குங்கள் என்று முடித்துவிட்டார். குருக்கள் யார் அனுமதி கொடுக்க? அருள் தணிந்தபின் ஆடியவரிடமேதான் கேட்க வேண்டும்.

தைப்பூசத்துக்கு முன்பே போய்வந்தால் நல்லது. கூடத்தில் மின்விசிறி மட்டும்தான், துண்டு எடுத்துப் போங்கள்.