ஸ்ப்ரூஸ் மரங்களை இனம் பிரிக்க ஒரு கை லென்ஸ்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வடக்குக் காடுகளில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் இரு இனங்களான வெள்ளை ஸ்ப்ரூஸும் கறுப்பு ஸ்ப்ரூஸும் வளர்கின்றன. பெயரை நம்பி நிறத்தைத் தேடினால் ஏமாந்து போவோம். இரண்டும் பச்சைதான், வெள்ளை எனப்படுவது சற்றே நீலம் பாய்ந்த பச்சை. இவ்விரண்டையும் ஐயமின்றிப் பிரித்தறிய வேண்டும் என்பதற்காகவே, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் மடக்குக் கை லென்ஸ் ஒன்றை 25 டாலருக்கும் குறைவான விலையில் வாங்கினேன். ஓராண்டு பயன்படுத்திய பின் எழுதும் மதிப்பீடு இது.

லென்ஸ் தேவைப்படாத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் ஊசியிலையை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் ஸ்ப்ரூஸ் இலை நான்கு பட்டைகளோடு எளிதில் உருளும். இன்னோர் ஊசியிலை மரமான ஃபிர் மரத்தின் இலை தட்டையானது, உருளாது. இலை உதிர்ந்த ஸ்ப்ரூஸ் கிளையில் சிறு முளைகள் எஞ்சி நிற்பதால் அதைத் தடவினால் அரத்தைத் தடவுவதுபோல் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த நோர்வே ஸ்ப்ரூஸைச் சாலையில் நின்றே சொல்லிவிடலாம். விதை தாங்கும் அதன் கூம்புகள் 10 முதல் 16 சென்ரிமீற்றர் வரை நீண்டு தொங்கும். வீட்டு முற்றங்களில் நடப்படும் நீல ஸ்ப்ரூஸ் கையைக் குத்தியே தன்னை அறிவித்துக்கொள்ளும்.

லென்ஸுக்கு உண்மையான வேலை கிடைத்தது அல்கொங்குவின் பூங்காவில், சதுப்பு நிலத்தின் மீது பலகை பதித்த 1.5 கிலோமீற்றர் நடைபாதையில். பூங்காவில் எதையும் பறிக்கக் கூடாது என்பதால், கிளையை ஒடிக்காமல் மெல்ல வளைத்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, அவ்வாண்டு துளிர்த்த இளங்கொம்பை லென்ஸுக்கு இரண்டரை சென்ரிமீற்றர் அளவுக்கு அருகில் கொண்டுவந்தேன். வெறும் கண்ணுக்கு மங்கலான பழுப்பாகத் தெரிந்த பட்டை, முளைகளுக்கு நடுவே குட்டையான பூனைமயிர் அடர்ந்த பரப்பாக மாறியது. அது கறுப்பு ஸ்ப்ரூஸ். பின்னர் மேட்டு நிலத்தில் வெள்ளை ஸ்ப்ரூஸின் கொம்பைப் பார்த்தபோது, துடைத்துவிட்டதுபோல் மயிரின்றி வழுவழுப்பாக இருந்தது. வெள்ளை ஸ்ப்ரூஸின் இலையைக் கசக்கினால் பூனை மூத்திரத்தை நினைவூட்டும் நாற்றம் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் எனக்குச் சளி பிடிக்காத நாட்களில் மட்டுமே அந்தச் சோதனை பயன்படுகிறது.

லென்ஸ் கைவிடும் இடம் சிவப்பு ஸ்ப்ரூஸ். அதன் இளங்கொம்பிலும் மயிர் உண்டு. போதாக்குறைக்கு அது கறுப்பு ஸ்ப்ரூஸோடு கலந்து கலப்பினங்களையும் உண்டாக்குகிறது. அங்கே கூம்புகளைத்தான் நம்ப வேண்டும். கறுப்பின் கூம்பு பெரும்பாலும் 2 முதல் 3 சென்ரிமீற்றர் நீளமுள்ள முட்டை வடிவம். பல ஆண்டுகள் மர உச்சியிலேயே கொத்தாகத் தங்கியிருக்கும். சிவப்பின் கூம்பு சற்றுப் பெரியது, ஆண்டுக்குள் உதிர்ந்துவிடும். உச்சியைப் பார்க்கக் கை லென்ஸ் எதற்கு, தொலைநோக்கி அல்லவா வேண்டும் என்று கேட்டால், அதுவே சரி.

பொருளின் தரம் விலைக்கு ஏற்றது. படத்தின் ஓரங்களிலும் கோடுகள் வளையாமல் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் மடக்கும் இடத்திலுள்ள திருகாணி நான்கே மாதங்களில் தளர்ந்துவிட்டது. குளிர்காலத்தில் கண்ணருகே பிடித்தால் மூச்சுக்காற்றில் கண்ணாடி பனிக்கிறது, கையுறையோடு திறக்கவும் முடிவதில்லை. கழுத்தில் தொங்கவிடக் கயிறும் தரவில்லை, நான் சப்பாத்துக் கயிற்றைக் கோத்திருக்கிறேன்.

ஆயினும் வெள்ளையையும் கறுப்பையும் பிரிப்பதே உங்கள் சிக்கல் என்றால் தயங்காமல் வாங்கலாம். கூடுதலாகத் தெரியுமே என்று இருபது மடங்கு லென்ஸுக்கு ஆசைப்பட வேண்டாம்: காட்சிப்பரப்பு சுருங்கி, வெளிச்சம் குறைந்து, காற்றில் ஆடும் கொம்பின் மீது குவியம் நிற்கவே நிற்காது. அப்படி வாங்கிய ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.