ஸ்கைப் போன பிறகு லப்டொப்பில் எதை வைத்துக் கதைப்பது?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு லப்டொப்பை அம்மா தொடுவது ஒரே ஒரு வேலைக்குத்தான்: ஞாயிறு காலையில் கனடாவில் இருக்கிற அக்காவோடு கதைக்க. அங்கே அப்போது சனி இரவு. பன்னிரண்டு வருசத்துக்கு மேல் அது ஸ்கைப்பில்தான் நடந்தது. 2025 மே 5 ஆம் திகதி மைக்ரோசொப்ட் அதை மூடியது. 2011-இல் 8.5 பில்லியன் டொலர் கொடுத்து வாங்கிய சாமான் அது! "எங்கட டீம்ஸுக்குப் போங்கோ" என்றார்கள். சரி, போனோம். திறந்ததும் ஏதோ கந்தோருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது, அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

வட்ஸ்அப்பை முதலில் சொல்லவேண்டும், மட்டக்களப்பில் அது இல்லாத போன் கிடைப்பது கஷ்டம். கொம்பியூட்டர் செயலியில் 2021-இல் இருந்து குரல், வீடியோ கோல் இரண்டும் உண்டு, மறுமுனையில் இருப்பவருக்கு எதையும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்கைப் கொம்பியூட்டருக்கென்றே பிறந்தது, ஒரு பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் போதும். வட்ஸ்அப் அப்படியில்லை, போனின் வாலைப் பிடித்துக்கொண்டு வருவது. கோல் நடக்கும்போது போன் பக்கத்தில் இருக்கவேண்டியதில்லை என்றாலும், 14 நாள் அந்தப் போனைத் தொடாமல் விட்டால் லப்டொப் தானாக வெளியே தள்ளப்பட்டுவிடும். வயது போனவர்களுக்கு லப்டொப்பை மட்டும் கொடுத்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவேணும்.

வைபரும் போன் இலக்கத்தோடு ஒட்டியதுதான். அதில் எனக்குப் பிடித்தது வைபர் அவுட். காசு போட்டுவைத்தால் லப்டொப்பில் இருந்தே வெளிநாட்டுச் சாதாரண லேண்ட்லைனுக்கு அடிக்கலாம். ஸ்கைப்பை அக்கா கடைசிவரை விடாததற்குக் காரணமே இந்த வசதிதான், இணையம் பக்கமே வராத பெரியம்மாவின் வீட்டு போனுக்கு அங்கிருந்து நேரே எடுப்பார். வட்ஸ்அப்பில் அது முடியாது.

கூகுள் மீட்டுக்கு எதையும் நிறுவத் தேவையில்லை. உலாவியில் இணைப்பைத் திறந்தால் சரி. பழைய, மூச்சு வாங்குகிற லப்டொப்புக்கு இது நல்லது. இலவசக் கணக்கில் இரண்டு பேர் கதைத்தால் 24 மணித்தியாலம்வரை போகலாம், மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் ஒரு மணித்தியாலம்தான். சூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் வெட்டும், எங்கள் குடும்பத்தில் 40 நிமிடம் சுகம் விசாரிக்கவே காணாது. சிக்னல் என்ற செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரகசியம் காப்பதில் கெட்டிக்காரன், கதைக்கத்தான் அதில் ஆள் இல்லை.

இனி வளைகுடா. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எங்கே போனாலும் துபாயிலோ அபுதாபியிலோ ஒரு மகனோ மச்சானோ இருப்பான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வட்ஸ்அப்பில் செய்தி போகும், கோல் வழமையாகப் போகாது, உரிமம் பெற்ற செயலிகளுக்கு மட்டுமே அங்கே இடம். பொட்டிம் அப்படி ஒன்று. கொரோனா நேரம் 2020-இல் சூம், டீம்ஸ் போன்றவற்றுக்கும் வழி விட்டார்கள். ஆகவே கனடாவுக்குச் சரிவருகிற வட்ஸ்அப் கோலை துபாய்க்காரருக்குச் சொன்னால் ஏச்சுத்தான் கிடைக்கும். அம்மாவுக்கு ஒத்துவராத டீம்ஸ் அங்கே கைகொடுக்கும்.

லின்போன், மைக்ரோசிப் (MicroSIP) மாதிரி சிப் (SIP) மென்பொருட்களையும், அதாவது இணையம் வழியாகத் தொலைபேசி போலக் கோல் எடுக்க உதவுகிறவற்றையும், தட்டிப் பார்த்தேன். மென்பொருள் இலவசம், இலக்கத்தை வேறொரு நிறுவனத்திடம் காசுக்கு எடுக்கவேணும். நாம் கதைப்பது அங்கே கேட்கும், அவர்கள் கதைப்பது இங்கே கேட்காது என்ற வியாதி இதில் பேர்போனது. பெரும்பாலும் ரவுட்டர் முகவரியை மாற்றி அனுப்புவதால் திரும்பிவரும் குரல் வழி தெரியாமல் நின்றுவிடுகிறது. நோண்டிப் பார்க்கிற ஆசை உள்ளவனுக்குச் சரி, அம்மாவுக்கு வேண்டாம்.

டேட்டாக் கணக்கு பலரும் பிழையாகத்தான் நினைக்கிறார்கள். குரல் மட்டும் என்றால் வினாடிக்கு 40 கிலோபிட் அளவு வைத்துக்கொண்டாலும் போக வர சேர்த்து மணித்தியாலத்துக்கு 36 எம்பி வரும். வீடியோவை ஒரு மெகாபிட்டில் விட்டால் அதே நேரத்துக்கு 900 எம்பி. குரல் விட்டுவிட்டு வந்தால் செயலியை மாற்றுவதற்கு முதல் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். வைபையை விட்டு ரவுட்டரில் இருந்து வயரைச் செருகினால் பாதிப் பிரச்சினை போய்விடும், மிச்சத்துக்கு ஒரு நல்ல ஹெட்செட். லப்டொப் ஸ்பீக்கரில் விட்டால் மறுபக்கத்துக்கு அவர்கள் குரலே எதிரொலியாகத் திரும்பிப் போய்த் தொல்லை கொடுக்கும்.

எதை எடுத்தாலும் இரண்டாவது ஒன்றையும் போட்டு வையுங்கள். 2019 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் வேறு இடங்களிலும் குண்டு வெடித்த பிறகு நாடு முழுக்க வட்ஸ்அப்பையும் வைபரையும் சேர்த்தே முடக்கினார்கள், வெளிநாட்டில் இருந்தவர்கள் ஊரில் ஆள் இருக்கா இல்லையா என்று கேட்கக்கூட வழி தேடித் திரிந்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறு காலைக்கு மீட்தான். இணைப்பை முகப்புத் திரையில் ஒரு படமாக வைத்துக் கொடுத்திருக்கிறேன், அம்மா அதை இன்னும் "ஸ்கைப்" என்றுதான் சொல்கிறார்.