டெர்மினலில் கோப்புகளுக்கு நிறம்: டிர்கலர்ஸா, ஈஸாவா?

புட்டி (தொலைவிலுள்ள சர்வரோடு இணைக்கும் மென்பொருள்) வழியாக லினக்ஸ் சர்வருக்குள் போய், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) கட்டளையை அடித்தால், ஃபோல்டர் பெயர்கள் கருப்பின் மேல் அடர்நீலத்தில் வந்து விழும். படிப்பதற்குள் கண் பிதுங்கிவிடும். இதற்கு இரண்டு வழி உண்டு: இருக்கிற எல்எஸ்ஸுக்கே டிர்கலர்ஸ் (dircolors) என்ற நிறம் அமைக்கும் கட்டளை மூலம் நிறம் மாற்றலாம், அல்லது எல்எஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு அதற்கு மாற்றான ஈஸாவை (eza) போடலாம். இரண்டையும் புழங்கிப் பார்த்துவிட்டு டிர்கலர்ஸிலேயே நின்றுவிட்டேன்.

அழகு என்று பார்த்தால் ஈஸாதான். நிறுவியதுமே அனுமதி, அளவு, தேதி எல்லாம் தனித்தனி நிறத்தில் வரும். கேட்டால் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) நிலவரமும் காட்டும். ஐகானும் வேண்டுமென்றால் நெர்ட் ஃபான்ட் (ஐகான்கள் சேர்த்த எழுத்துரு) தேவை, இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான்.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. ஈஸாவை ஒவ்வொரு மெஷினிலும் தனியாக நிறுவ வேண்டும். பட்டியல் கலராக வரவேண்டும் என்று கிளையன்ட் சர்வரில் அனுமதி கேட்டு டிக்கெட் போட்டால் சிரிப்பார்கள். முன்பு எக்ஸா என்று ஒன்று இருந்தது. அதைக் கவனிக்க ஆளில்லாமல் போய், 2023-இல் பிரிந்து வந்ததுதான் ஈஸா. எக்ஸாவுக்கு அலையஸ் (கட்டளைக்கான மாற்றுப் பெயர்) எழுதி வைத்திருந்தவர்கள் போன இடமெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. டிர்கலர்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஜிஎன்யூ எல்எஸ் வரும் அதே கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில்தான் அதுவும் வருகிறது.

வேலையும் பெரிதில்லை. டிர்கலர்ஸ் மைனஸ் பி (dircolors -p) கொடுத்தால் வரும் பட்டியலை, ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் டிர்கலர்ஸ் கோப்பாக (.dircolors) சேமித்தால் போதும்; டெர்மினல் திறக்கும்போது ஓடும் உபுண்டுவின் பாஷ்ஆர்சி கோப்பு அதைத் தானாகவே படித்துக்கொள்ளும். ஃபோல்டருக்கான வரியில் 01;34 என்ற நிறக் குறியீட்டை 01;38;5;75 ஆக்கினால் பளிச்சென்ற வெளிர்நீலம். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு சி டிரைவ் ஃபோல்டர்கள் பச்சைப் பட்டையில் நீல எழுத்தாக வந்து எரிச்சலூட்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற அனுமதி இருக்கும் ஃபோல்டரின் நிறம் அது, 34;42. அந்த வரியையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

அப்புறம், இந்தக் கோப்பிலிருந்து உருவாகும் எல்எஸ்_கலர்ஸ் (LS_COLORS) என்ற மாறியை ட்ரீ, எஃப்டி போன்ற மற்ற கோப்புக் கட்டளைகளும் படிக்கும். ஏன், ஈஸாவே படிக்கும். நாளைக்கு மனம் மாறி அந்தப் பக்கம் போனாலும் செய்த வேலை வீண் இல்லை.

மேக்கில் கணக்கு மாறலாம். அதில் நான் அதிகம் புழங்கியதில்லை. அங்கே உள்ளது பிஎஸ்டி எல்எஸ் என்ற வேறு வகை எல்எஸ். நிறங்களை ஓர் எழுத்துச் சரமாகக் கொடுக்க வேண்டும், எக்ஸ்டென்ஷன் வாரியாகப் பிரிக்கவும் முடியாது. ஹோம்ப்ரூவில் (மேக்கில் மென்பொருள் நிறுவும் கருவி) எப்படியும் எதையாவது இறக்கத்தான் போகிறீர்கள் என்றால், அது ஈஸாவாகவே இருக்கட்டும்.