பைத்தான் கற்க எதில் தொடங்கலாம்? ஐடில், தானி, விஎஸ் கோட், பைசார்ம்

பைத்தான் படிக்க உட்கார்ந்ததும் "எந்த ஐடிஇ (கோடு எழுதி ஓட்டும் மென்பொருள்) போடுவது?" என்று யாரைக் கேட்டாலும் விஎஸ் கோட் என்றுதான் பதில் வரும். வேலை பார்ப்பவர்களுக்கு அது சரி. முதல் லூப்பை எழுதிக்கொண்டிருப்பவருக்கோ, தன் ப்ரோகிராம் உள்ளே என்ன செய்கிறது என்று காட்டும் கருவிதான் வேண்டும். அப்படிப் பார்த்தால் என் முதல் ஓட்டு தானிக்கு.

எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், கற்பவர்களுக்கென்றே உருவானது தானி. பைத்தானும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ப்ரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டும் இதன் டீபக்கர்தான் விசேஷம். 2 * (3 + 4) என்ற வரியை டீபக் முறையில் எஃப்7 அழுத்தி அடியடியாக ஓட்டிப் பாருங்கள்: முதலில் அடைப்புக்குறி 7 ஆகும், அப்புறம் முழு வரியும் 14 ஆகும். ஃபங்ஷன் (பெயர் வைத்த கோடுத் துண்டு) ஒன்றை அழைத்தால் அதற்கென்று தனி ஜன்னல் திறக்கும். தன்னையே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன் என்றால் ஜன்னல் மேல் ஜன்னலாக அடுக்கிக்கொண்டே போகும். ரிகர்ஷன் எனும் இந்தத் தன்னழைப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கஷ்டம். வேரியபிள்களின் மதிப்பு பக்கத்திலேயே மாறிக்கொண்டிருக்கும். பெரிய ப்ராஜெக்டுக்கு இது போதாது, உண்மைதான். ஆனால் அந்தக் கவலை இப்போதைக்கு எதற்கு?

ஐடில், வழக்கமாக பைத்தானோடு கூடவே வருவது. எதையும் சிறிதாகச் சோதித்துப் பார்க்கப் போதும். ஷெல்லில் (வரி வரியாக அடித்து உடனே ஓட்டும் ஜன்னல்) முன்பு அடித்த வரியைக் கொண்டுவர மேல் அம்புக்குறியைத் தட்டினால் கர்சர்தான் மேலே போகும், ஆல்ட்-பி அழுத்த வேண்டும். இப்படிப்பட்ட சின்னச் சின்ன எரிச்சல்கள் நிறைய.

விஎஸ் கோட் இலவசம், வேகமானது, எந்த மொழிக்கும் வளைந்துகொடுக்கும். சிக்கல் ஆரம்பத்தில்தான். பைத்தானைத் தனியே நிறுவி, எக்ஸ்டென்ஷன் போட்டு, கோடை ஓட்டப்போவது எந்த இன்டர்பிரட்டர் (நிறுவிய பைத்தான்) என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் இரண்டு பைத்தான் இருந்துவிட்டால் போச்சு: பிப் (மாட்யூல் எனப்படும் ஆயத்தக் கோடுகளை நிறுவும் கருவி) ஒன்றில் நிறுவும், விஎஸ் கோட் இன்னொன்றில் ஓட்டும், 'மாட்யூல் இல்லை' என்று எரர் வரும். எழுதிய கோடில் பிழையே இருக்காது, ஆனால் புதியவர் கோடைத்தான் திருத்திக்கொண்டிருப்பார். இன்னொன்று, ஏஐ பரிந்துரை. நீங்கள் யோசிப்பதற்குள் மீதி வரியைச் சாம்பல் நிறத்தில் நீட்டும். படிக்கும் காலத்தில் அதை அணைத்துவைப்பதே நல்லது.

பைசார்ம், ஜெட்பிரெய்ன்ஸின் தயாரிப்பு. அடிப்படை வசதிகள் இலவசம். பிழை பிடிப்பதிலும், பல ஃபைல்களில் ஒரு பெயரை ஒரே தடவையில் மாற்றுவதிலும் கெட்டிக்காரன். ஆனால் பத்து வரி எழுதக்கூட ப்ராஜெக்ட், விர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த ப்ராஜெக்டுக்கென்று தனி பைத்தான் அமைப்பு) என்று தொடங்கும். ரேம் குறைந்த கணினியில் இன்டெக்ஸிங் (ஃபைல்களை எல்லாம் படித்துப் பட்டியலிடுவது) முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

டேட்டா சயன்ஸ்தான் குறி என்றால் கோடைச் செல் எனும் துண்டுகளாக ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கைத் தவிர்க்க முடியாது. அதையே இணையத்தில் தரும் கூகுளின் கோலாப் என்றால் பிரவுசரே போதும். ஒரு எச்சரிக்கை: செல்லை அழித்தாலும் அதில் உருவான வேரியபிள் நினைவில் இருக்கும். இன்று ஒழுங்காக ஓடியது, நாளை திறந்து ஓட்டினால் 'அந்தப் பெயரே தெரியாது' என்னும். அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து எல்லா செல்லையும் ஓட்டிப் பாருங்கள்.

தானியில் லூப், ஃபங்ஷன், லிஸ்ட் மூன்றும் கைவந்து, ஒரே ஃபைலில் எல்லாவற்றையும் வைப்பது நெருக்கடியாகத் தோன்றும்போது விஎஸ் கோடுக்கு மாறலாம். தானியில் எழுதிய ஃபைல்கள் அங்கே அப்படியே திறக்கும்.