விதைப் பாக்கெட்டில் ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர்

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு நிமிடம் படித்துவிடுங்கள். கடை பெயர் வேண்டாம், ஏமாந்த கதை மட்டும் சொல்கிறேன்.

ஆடிப்பட்டத்துக்கு ஆகட்டும் என்று சித்திரையிலேயே அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கண்காட்சியில் விதை வாங்கினேன். வெண்டை, வெங்காயம், மிளகாய், கத்தரி, கீரை என்று பதினோரு பாக்கெட், 480 ரூபாய். "அதுவரைக்கும் கெடாதா தம்பி?" என்று கேட்டதற்கு, "பிரிட்ஜில் போட்டுடுங்கம்மா, பத்து வருஷம் ஆனாலும் முளைக்கும்" என்றார். நானும் நம்பி முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தேன்.

ஆடியில் போட்டதில் கீரை மட்டும் வந்தது. வெண்டை முப்பது போட்டு இரண்டு. வெங்காயம் ஒன்றுகூட இல்லை. போன் செய்தால், "தண்ணி அதிகமா ஊத்தியிருப்பீங்கம்மா." இருபது வருடமாக வெண்டை போடுகிறவளிடம் இந்தப் பேச்சு!

மிச்ச பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்தபோது குட்டு உடைந்தது. மேலே பூத்த ஈரத்தில் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியிருந்தது. உரித்தால் அடியில் இன்னொரு ஸ்டிக்கர், விதை முளைக்கிறதா என்று பார்த்த சோதனைத் தேதி மூன்று வருடம் முந்தையது. தக்காளி, கத்தரி விதை நன்றாக உலர்ந்திருந்தால் மூன்று நான்கு வருடம்கூடத் தாங்கும். வெண்டை, மிளகாய் இரண்டு வருடம் தாங்கினால் பெரிது. வெங்காயத்துக்கு ஒரு வருடமே அதிகம். செத்த விதையைப் பிரிட்ஜ் எழுப்பாது.

என் தப்பும் உண்டு, சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த பாக்கெட்டை எடுத்த கையோடு பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். ஜாடியில் உப்பே கசிகிற ஊர் இது, விதை சும்மா இருக்குமா? விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே என்று ஹாரிங்டன் என்ற விதை ஆய்வாளர் சொன்ன பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆக, முதலில் நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பாட்டிலில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, அப்புறம்தான் பிரிட்ஜ். வெளியே எடுத்தால் பாட்டிலின் குளிர் போன பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

வாங்கும்போது லேபிளில் முளைப்புத்திறன், சோதனைத் தேதி, காலாவதி மூன்றையும் பாருங்கள். சான்று விதைக்குச் சோதனைத் தேதியிலிருந்து 9 மாதம்தான் செல்லுபடி. முளைப்புத்திறன் வெண்டைக்கு 65 சதவீதமாவது, தக்காளிக்கு 70 சதவீதமாவது இருக்க வேண்டும். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் ஒரு கீறு கீறியும் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. கீழ் வீட்டு அக்கா சாம்பலில் புரட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்த வெண்டை விதை கொஞ்சம் கொடுத்தார். ஈரத்துணியில் பத்தை முடிந்து வைத்தேன், ஐந்தாம் நாள் எட்டு முளைவிட்டிருந்தது.