கல்லடிப் பக்கம் மீன்சோறு: பன்னிரண்டரைக்கு முன் போங்கள்

பன்னிரண்டரைக்குள் போனால் மீன் தலை கிடைக்கும். ஒரு மணிக்கு நடுத்துண்டு, அதற்குப் பிறகு வால்துண்டு. இரண்டு மணி தாண்டிவிட்டால் குழம்பும் சொதியும்தான், அதையும் கடை நடத்துகிற அக்கா சட்டியைச் சரித்து வழித்துத்தான் ஊற்றுவார். மட்டக்களப்பில் வெளியில் சாப்பிட எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லுவது இந்தக் கடையைத்தான். பெயர்ப்பலகை கிடையாது. கல்லடிப் பாலம் தாண்டி, கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், தகரக் கூரை போட்ட சோற்றுக்கடை, நாலு மேசை. மத்தியானத்தில் ஒழுங்கைக்குள் பத்துப் பதினைந்து மோட்டார் சைக்கிள் ஒரே இடத்தில் நிற்கும், அதுதான் அடையாளம்.

போன மாதம் கொழும்பிலிருந்து மாமாவின் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். மீன்பாடும் தேனாட்டுக்கு வந்துவிட்டு நண்டு சாப்பிடாமல் போகமாட்டேன் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டான். நான் சொன்னதைக் கேட்காமல் முதல் நாள் இரவு கடலோரத்தில் உள்ள ஒரு பெரிய இடத்துக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான். படம் போட்ட மெனு, மேசையில் துணி, எல்லாம் சரி. சாப்பாடு வர முக்கால் மணித்தியாலம் ஆனது. இறால் டெவில் என்று வந்ததில் தக்காளி சோஸும் கறிமிளகாயும் வெங்காயமும்தான் நிறைய, இறாலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கணவாயைப் பிள்ளைகள் மென்று மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டார்கள். பல நாள் ஐஸில் கிடந்த கணவாய் என்று வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்தது. பில்லில் பத்து வீதம் சேவைக் கட்டணம் வேறு. எனக்குக் கோபத்தை விடக் கவலைதான் கூட. வாவியையும் கடலையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு இருக்கிற ஊருக்கு வந்த ஒருவர், இதுதான் மட்டக்களப்பு மீன் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போனால் அது எங்கள் எல்லோருக்கும்தான் நட்டம்.

மறுநாள் அக்காவின் கடை. நண்டுக்கு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லியிருந்தேன். "வந்தா எடுத்து வைக்கிறன் மனே, வராட்டி வராதுதான்" என்றார். இந்தப் பதிலுக்காகவே அந்தக் கடையை நம்பலாம். என்ன கிடைக்கிறதோ அதைத்தான் அன்றைக்குச் சமைப்பார், நேற்றைய மீனை இன்றைக்குச் சூடாக்கி வைத்து நான் பார்த்ததில்லை.

நண்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாவியில் பிடிபடுகிற பெரிய நண்டுகளை வியாபாரிகள் உயிரோடு கட்டிக் கொழும்புக்கு அனுப்பிவிடுகிறார்கள், அங்கிருந்து சிங்கப்பூர் வரை போகிறது. ஊரில் மிஞ்சுவது நடுத்தரமும் சின்னதும்தான். அதனால் நண்டு என்றால் தட்டை நிறைக்கிற மாதிரி பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் சின்ன நண்டில் குழம்பு உள்ளே இறங்குகிற மாதிரி பெரிய நண்டில் இறங்காது, இது என் கருத்து, மாமாவின் மகனும் இரண்டாவது காலை உடைத்த பிறகு ஒத்துக்கொண்டான். பார்க்க வேண்டியது பாரத்தை. ஓடு கழற்றிப் புது ஓடு போட்ட நண்டுக்குள் சதை குறைவு, தண்ணீர்தான் இருக்கும். கையில் தூக்கினால் லேசாக இருக்கும், ஓட்டை அமத்தினால் கொஞ்சம் உள்ளே போகும். அக்கா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, அமத்திப் பார்த்து, இரண்டைத் தள்ளி வைத்தார். அதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கறி வந்தது மண்சட்டியில். வறுத்து அரைத்த தூள், பெருஞ்சீரகம் தூக்கலாக, தேங்காய்ப்பால் கடைசியில் விட்டு, இறக்குகிற நேரத்தில் ஒரு பிடி முருங்கையிலை. அந்த இலை வாடி நண்டின் கால்களுக்கு இடையில் ஒட்டிக்கொண்டு கிடக்கும், அதை உறிஞ்சி எடுப்பதுதான் நண்டுக்கறியின் பாதிச் சுகம். கத்தி, இடுக்கி ஒன்றும் தரமாட்டார்கள். பல்லால் கடிக்க வேண்டும், பெரிய காலுக்கு அம்மிக்குழவி இருக்கிறது, கேட்டால் அக்காவின் மகள் உடைத்துத் தருவாள். உறைப்பு அதிகம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலே சொல்லி வைத்தால் சொதியும் பொரித்த மீனும் தனியாக எடுத்து வைப்பார்கள்.

நண்டு இல்லாத நாளில் போனாலும் ஏமாற்றமில்லை. உண்மையைச் சொன்னால் நான் போவது மணலை மீனுக்காகத்தான். பழப்புளி கரைத்து விட்ட குழம்பு, மேலே எண்ணெய் லேசாகப் பிரிந்து நிற்கும், மீன் உடையாமல் துண்டு துண்டாக இருக்கும். சினை உள்ள மணலை வந்தால் சினையைத் தனியே மஞ்சளும் உப்பும் தடவிப் பொரித்து வைப்பார், அதை மேசைக்கு ஒரு துண்டு என்று பங்கு போட்டுத்தான் தருவார், கூடக் காசு கொடுக்கிறேன் என்றாலும் தரமாட்டார். அடுத்த மேசைக்காரனும் சாப்பிட வேண்டுமே என்பார். சிவப்பரிசிச் சோறு, ஒரு சுண்டல், பருப்பு, பொரித்த மிளகாய், கடைசியில் ஒரு கிண்ணம் புளியாணம். புளியாணத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்தும் சாப்பிடலாம், அப்படியே குடிக்கவும் செய்யலாம். நான் குடிக்கிற ஆள்.

இங்கே போனால் "இது ஆற்று மீனா, கடல் மீனா" என்று கேளுங்கள். ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்லுவோம். எல்லாக் காலத்திலும் எல்லா மீனும் கிடையாது. ஏறத்தாழ சித்திரையிலிருந்து புரட்டாசி வரை கடல் அமைதியாக இருக்கும், அப்போது பாரை, விளைமீன், அறக்குளா, சூரை எல்லாம் வரும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும் வந்துவிட்டால் சின்னத் தோணிகள் கடலுக்கு இறங்காது. அந்த நேரத்தில் அறக்குளா கேட்டு அடம்பிடித்தால் ஐஸ் மீன்தான் வரும், ஆற்று மீனைச் சாப்பிடுவதுதான் புத்தி. மழை வெள்ளத்தில் முகத்துவாரம் வெட்டுப்பட்டு வாவியும் கடலும் ஒன்றாகிற நாட்களில் முகத்துவாரப் பக்கம் வீச்சுவலைக்காரர் வரிசையாக நிற்பார்கள், அந்த வாரங்களில் இறால் வாங்கிச் சமைக்கிற கடை எதுவானாலும் நம்பிப் போகலாம்.

குறையும் இருக்கிறது. கடையில் ஒரே ஒரு மின்விசிறி, அது சமையல் பக்கம் சுற்றுகிறது. மத்தியான வெயிலில் தகரத்துக்குக் கீழே வேர்த்துக் கொட்டும். கழிவறை கிடையாது. கை கழுவுகிற இடத்தில் சவர்க்காரம் சில நேரம் இருக்காது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதானால் பார்சல் எடுத்துக்கொண்டு கடற்கரைச் சவுக்கு மரங்களுக்குக் கீழே போய் இருங்கள், நாங்கள் அம்மாவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனோம். விலையைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளோடு ஆறு பேர், நண்டும் சேர்த்துச் சாப்பிட்டும், முதல் நாள் இரவு கொடுத்ததில் பாதி கூட வரவில்லை.

அக்காவின் குடும்பம் 2004 சுனாமிக்கு முன் நாவலடியில் இருந்தது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஆனால் கடலோரத்து மனிதர் மீனைக் கையில் எடுத்துப் பார்க்கிற விதமே வேறு. காலையில் மீன் வரும்போது செவுள் பூவைத் தூக்கிச் சிவப்பைப் பார்த்து, வயிற்றை விரலால் அமத்தி, கண்ணைப் பார்த்து, பிடிக்காவிட்டால் ஒரு சொல்லும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொண்டுவந்தவரும் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்.

இரவுக்கு என்றால் அக்காவின் கடை மூடியிருக்கும். அப்போது கல்முனை றோட்டால் தெற்கே காத்தான்குடிக்குப் போங்கள், நடு றோட்டில் பேரீச்சை மரம் தொடங்கிவிட்டால் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கொத்துரொட்டி போடுகிற சத்தம் தூரத்திலேயே கேட்கும். மீன்கறி விட்டுக் கொத்து போடச் சொல்லுங்கள், கோழிக்கொத்தை விட எனக்கு அதுதான் பிடிக்கும். முடிந்ததும் எருமைத் தயிரில் சீனி போட்டு ஒரு கிண்ணம். பாசிக்குடாவில் தங்குகிறவர்கள் அங்கேயே சாப்பிட்டுக்கொண்டு இருக்காமல் ஒரு காலையாவது வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள், ஆழ்கடல் போய் வருகிற பலநாள் படகுகள் வந்து நிற்கும், பக்கத்துத் தேநீர்க் கடைகளில் சூடாக மீன்பணிஸும் மீன் ரொட்டியும் கிடைக்கும். பெரிதாக எழுத ஒன்றுமில்லை, ஆனால் பிளேன்டீயோடு நன்றாக இருக்கும்.

அப்புறம், வெள்ளிக்கிழமை அக்காவின் கடைக்குப் போய் ஏமாற வேண்டாம். அன்றைக்கு மரக்கறிதான். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் திருவிழா நடக்கிற நாட்களிலும் அங்கே மீன் கிடையாது. அந்த நாட்களில் நான் காத்தான்குடிக்குத்தான் போகிறேன், ஆனால் வெள்ளி மத்தியானம் ஜும்மா முடிகிற வரை அங்கேயும் கடைகள் பூட்டியிருக்கும், இரண்டு மணிபோலப் போனால் சரி. பிட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்று தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கிற எங்கள் ஊர்களைச் சொல்லுவது இந்த விசயத்துக்கும் பொருந்தும், ஒரு பக்கம் மீன் அடுப்பு அணைகிற நாளில் மறுபக்கம் எரிகிறது. நண்டுக்கு மட்டும் முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்கு முன் சொல்லி வையுங்கள். பிந்திச் சொன்னால் காலையில் வருகிற நண்டு வேறு யாருக்கோ போய்விடும்.